முப்பத்தேழாவது கேள்வி

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் இருக்கும் மருந்துக்கடையை நடத்துபவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் உரிமத்தில் அதைப் பார்க்கலாம். ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் சைரன் அக்கா என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே 'அக்கா' மட்டும். தலை மறைந்ததும் சைரன் வந்து ஒட்டிக்கொள்ளும். அது அவளுக்கும் தெரியும்.

குரல் அப்படி. அவள் சாதாரணமாக "வாங்க" என்று சொன்னாலே, வந்தவர் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக ஒரு நொடி திகைத்துவிட்டுத்தான் படியேறுவார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், அம்மாவின் போன் வந்தால் அதைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே பேசுவாள். ஸ்பீக்கரைப் போட வேண்டிய தேவையே வந்ததில்லை.

பிறவிக் குரல் இல்லை அது, பழகி வந்த குரல். அவளுடைய அப்பா ஆலையில் கொதிகலன் பார்த்தவர். நாற்பது வயதுக்குள் காது போய்விட்டது. வீட்டில் "சாப்பிட வாங்க" என்பதையே நாலு பேர் முறைவைத்துக் கத்த வேண்டும். மூத்த பெண் என்பதால் அந்தப் பொறுப்பு இவள் தலையில் விழுந்தது. பரீட்சையில் முதலாவதாக வந்ததை, மருந்தாளுநர் படிப்புக்கு இடம் கிடைத்ததை, இந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்பதை, எல்லாவற்றையும் அப்பாவிடம் கத்தித்தான் சொன்னாள். மாப்பிள்ளை விஷயம் அப்பாவுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே மூன்று தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. கத்த வேண்டிய ஆள் போய்விட்டார், குரல் மட்டும் தங்கிவிட்டது.

மற்றபடி கடையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஊசி மருந்துகள் இருக்கும் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்த்து எழுதிவிடுவாள். காய்ச்சல் வந்து படுத்த நாளில்கூடக் கணவரை அனுப்பி எழுத வைத்தாள். காலாவதியான மருந்துகளுக்குத் தனியாக ஒரு சிவப்புப் பெட்டி, அதற்குப் பூட்டு. ஒன்றுபோலவே பெயர் கொண்ட இரண்டு மாத்திரைகளை, சண்டைக்கார ஓரகத்திகளைப் பிரித்து வைத்ததுபோல, எதிரெதிர்ச் சுவர் அலமாரிகளில் வைத்திருந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்வாள். டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துச் சொல்வதற்கென்று அடுத்த தெரு மருந்துக்கடைக்காரரே இவளிடம் சீட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பெருமை, காது மந்தமானவர்கள் தன் கடையைத் தேடி வருவது. "வேற எங்க போனாலும் அவங்களுக்குக் கேக்காது. இங்க வந்தா ஒரே தடவைதான் சொல்வேன், டக்குனு தலையாட்டிடுவாங்க" என்பாள். எழுதிக் காட்டுவதெல்லாம் குரல் இல்லாதவர்கள் செய்யும் வேலை என்பது அவள் எண்ணம்.

அப்படித் தலையாட்டுகிறவர்களில் முதல் ஆள், தெருக் கோடியில் பெட்டிக்கடை அளவு இடத்தில் கடிகாரம் பழுது பார்க்கும் கடிகாரக்காரர். மனைவி இறந்து பன்னிரண்டு வருடம், காது போயும் ஏறக்குறைய அவ்வளவே. இதயக் கோளாறுக்காக, ரத்தம் உறையாமல் இருக்க, எட்டு வருடமாகத் தினம் ஒரு மாத்திரை. மாதம் பிறந்தால் வருவார். அக்கா கத்துவாள், அவர் தலையாட்டுவார். அளவு எழுதிய கவரைக் கிழித்துக் கடைக் குப்பைக்கூடையிலேயே போட்டுவிட்டு, மாத்திரைகளைத் தன் சட்டைப்பையில் இருக்கும் வட்டத் தகர டப்பாவுக்குள் கொட்டிக்கொள்வார். கடிகாரச் சக்கரங்கள் வந்த டப்பா அது. எட்டு வருடத்தில் ஒரு நாளும் மறுபேச்சுக் கேட்டதில்லை. நோயாளி என்றால் இவரல்லவோ நோயாளி என்று அக்கா மெச்சிக்கொள்வாள்.

இந்தச் சமயத்தில்தான் புது ஆய்வாளர் வந்து சேர்ந்தார்.

ஒல்லியான மனிதர். கையில் நாற்பத்திரண்டு கேள்விகள் அச்சிட்ட படிவம். ஒவ்வொரு பதிலுக்கும் பேனா மூடியைக் கழற்றுவார், எழுதுவார், மறுபடி மூடுவார். முப்பத்தாறு கேள்வி வரைக்கும் அக்காவுக்கு எல்லாம் சரி, சரி, சரி. சிவப்புப் பெட்டியின் பூட்டை ஆட்டிப் பார்த்தபோது அவர் முகத்தில் லேசாக ஒரு மரியாதைகூட வந்தது. முப்பத்தேழாவது கேள்வியைப் படித்ததும் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "நீங்க வர்றவங்களைக் கவனிங்கம்மா, இதோ வந்துடறேன்" என்று சாலையைக் கடந்து போனார். டீ குடிக்கப் போகிறார் என்று அக்கா நினைத்தாள்.

இருபது நிமிடம் கழித்து வந்தார். படிவத்தின் பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தது.

"எதிர்ல பஸ் ஸ்டாப்புல நின்னுட்டு வர்றேன்" என்றார். "முதல்ல வந்த கண்டக்டருக்குத் தொடையில படர்தாமரை. ரெண்டு வேளையும் களிம்பு தடவணும், உள்ளாடையைத் தினமும் மாத்தணும். அடுத்து வந்த அம்மாவுக்கு மூணு நாளா வயிறு போகலை. மூணாவது வந்தவர் வாத்தியார். முடி கொட்டுது, ஆறு மாசம் பொறுமையா இருக்கணும். சரியா?"

அக்காவுக்கு ஒரே ஆச்சரியம். "அட, ஒண்ணுவிடாம சரியா இருக்கே சார்!"

"நாலாவது ஆளுக்கு மூலம்னு சொன்ன வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் பஸ் வந்து நின்னுடுச்சு."

"வெந்நீர்ல உக்காரச் சொன்னேன் சார்" என்று அக்கா விட்டதை நிரப்பிக் கொடுத்தாள்.

ஆய்வாளர் படிவத்தை முன்பக்கம் திருப்பினார். பிறகு முப்பத்தேழாவது கேள்வியை வாய்விட்டுப் படித்தார். மருந்து பற்றிய ஆலோசனை, பிறர் காதில் விழாதபடி, தனியிடத்தில் வழங்கப்படுகிறதா? அக்காவின் முகம் அப்போதுதான் மாறியது.

"புகாரும் வந்திருக்கும்மா. யாருன்னு சொல்லக்கூடாது. வாசகத்தை மட்டும் படிக்கிறேன்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "'கடையில் நிற்கும் எல்லோருக்கும் என் வியாதி தெரிகிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.'"

"ரெண்டாவது வரி என்ன சார், முன்னுக்குப் பின் முரணா இருக்கு?"

"அது எழுதினவங்களைத்தான் கேக்கணும். யாருன்னு நீங்க கேக்கக்கூடாது." பேனாவை மூடினார். "முப்பது நாள் கழிச்சு வருவேன். அப்பவும் இதே மாதிரி இருந்தா உரிமத்தை நிறுத்தி வைக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை. கடையை மூட வேண்டி வரும்."

இருபத்திரண்டு வருடக் கடை. அன்றைக்கு முழுக்க அக்காவுக்கு வேலையே ஓடவில்லை. மாலையில் அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. எவன் எழுதினான்? கண்டக்டரா? வாத்தியாரா? அடுத்த தடவை வந்த வாத்தியாரிடம் முடி மருந்தை மேசைமேல் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், முடி முளைக்காதது தன் குற்றம்தான் என்று நினைத்து அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

கணவர்தான் ஆறுதல் சொன்னார். அவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு அடியில் முப்பது வருடமாக உட்கார்ந்திருப்பவர். வீட்டிலும் அவர் பேசுகிறாரா அல்லது மூச்சு விடுகிறாரா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இருபத்தாறு வருட இல்லறத்தில் முதன்முறையாக அவருடைய திறமைக்கு ஒரு தேவை வந்திருந்தது.

"பேசறதுக்கு முன்னாடி பாதி மூச்சை வெளியே விட்டுடு. மிச்சம் இருக்கறதுல பேசு" என்று சொல்லிக் கொடுத்தார். பயிற்சிக்கு ஓர் ஏற்பாடும் செய்தார். அவள் சமையலறையில் நின்று பேச வேண்டும். அவர் கையில் டம்ளரும் கரண்டியுமாகத் தள்ளி நிற்பார். காதில் விழுந்தால் டங் என்று தட்டுவார். முதல் நாள் பின்வாசலில் நின்றார். டங். இரண்டாம் நாள் மாடிப்படியில் ஏறி மொட்டைமாடிக் கதவருகே நின்றார். டங். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, அவர்கள் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தும் டங். கூடவே அந்த வீட்டுக்காரரும் தன் பங்குக்கு ஒரு தட்டைத் தட்டினார்.

ஆனால் அக்கா எடுத்த காரியத்தை விடுகிறவள் இல்லை. பன்னிரண்டாம் நாள் அடுத்த அறையிலிருந்தே டம்ளர் சத்தம் வரவில்லை. அவர் தூங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தாள். விழித்துக்கொண்டுதான் இருந்தார், கண்ணில் நீர் நிற்க. மறுநாள் மாடியில் குடியிருப்பவர் கவலையோடு இறங்கி வந்து, "என்ன அண்ணே, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா? சத்தமே காணோமே" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கடையில் அட்டைப்பெட்டிகள் அடைந்து கிடந்த மூலையைக் காலி செய்து, இரண்டு நாற்காலி போட்டு, மகளின் பழைய அறைத் திரையைத் தொங்கவிட்டாள். திரை முழுக்க மஞ்சள் வாத்துகள். ஆலோசனை மூலை தயார். ஆனால் வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். சைரன் அக்காவே ரகசியமாகப் பேசுகிறாள் என்றால் என்ன அர்த்தம்? கண்டக்டரை வாத்துத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, "இன்னும் ரெண்டு வாரம் களிம்பு தடவுங்க" என்று மெல்லச் சொன்னதும் மனிதர் உடைந்துபோய்விட்டார்.

"எதையும் மறைக்காதீங்கக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இன்னும் எத்தனை நாள்?"

"ரெண்டு வாரம்" என்றாள் அக்கா, களிம்பை நினைத்து. அவரைத் தேற்றி அனுப்ப அரை மணி நேரம் ஆனது.

முப்பதாம் நாள் வந்தது. கடையிலிருந்தே அக்கா பார்த்தாள்: ஆய்வாளர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார், கையைக் காதுக்குக் குவிக்கிறார், ஓரடி முன்னால் வருகிறார். அவருக்கு ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் சாலையைக் கடந்து உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார்.

"வாத்து?"

"வாத்து கூடாதுன்னு விதியில இல்லையே சார்" என்றாள் அக்கா, பாதி மூச்சில்.

அவர் பேனாவைத் திறந்த நேரம், மாதம் பிறந்ததற்கு அடையாளமாகக் கடிகாரக்காரர் சீட்டோடு படியேறினார். அக்கா சீட்டை வாங்கிப் பார்த்தாள். டாக்டர் அளவை மாற்றியிருந்தார். ரத்தப் பரிசோதனையில் ரத்தம் தேவைக்கு மேல் இளகியிருந்ததாம். இனிமேல் ஒரு நாள் ஒன்று, மறுநாள் பாதி. பழைய அளவிலேயே போட்டால் ஒரு சின்ன வெட்டுக் காயம் போதும், ரத்தம் நிற்காது. அவரோ நாள் முழுக்க ஊசி முனைக் கருவிகளோடு மல்லுக்கட்டுகிறவர்.

திரைக்குப் பின்னால் அவரை உட்காரவைத்து, பயின்ற குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வழக்கம்போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கவரைக் கிழித்தார், மாத்திரைகளை டப்பாவில் கொட்டினார். ஆய்வாளருக்குத் திருப்தி.

"முப்பத்தெட்டாவது கேள்வி" என்று அவர் திரையை விலக்கினார். "நோயாளிக்குப் புரிஞ்சுதான்னு பாக்கணும். ஐயா, அம்மா இப்ப என்ன சொன்னாங்க? திருப்பிச் சொல்லுங்க."

கடிகாரக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இருக்கேன் சார். நீங்க?"

அக்காவுக்கு முப்பது நாளும் மறந்துபோனது, உரிமமும் மறந்துபோனது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"பாதி! ஒரு நாள் ஒண்ணு, மறுநாள் பாதி! ரத்தம் ரொம்ப இளகிப் போச்சு ஐயா!"

முடிதிருத்தும் கடையில் கத்தரிச் சத்தம் நின்றது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒரு நல்ல மனிதர், "பாதிதானாம் பெரியவரே!" என்று தன்னால் ஆன உதவியைச் செய்தார். ஆய்வாளர் ஒரு காதைப் பொத்தியபடியே, இன்னொரு கையால் கடிகாரக்காரரைத் தொட்டு, மறுபடி ஜாடை காட்டினார்.

"அம்மா சொன்னதா?" என்றார் கடிகாரக்காரர், சிரிப்பு மாறாமல். "வழக்கம்போலத்தானே? தினம் ஒண்ணு."

அக்கா அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முழுக் குரலும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. இன்றைக்கு மட்டுமா? எட்டு வருடமாக ஒரு வார்த்தைகூடச் சேரவில்லை. அவர் தலையாட்டியது கேட்டதற்காக இல்லை, அவள் சீக்கிரம் கத்தி முடிக்கட்டும் என்பதற்காக. இந்த ஒன்றை நம்பியல்லவா அவள் தெருவெல்லாம் பெருமையடித்தாள்.

எழுதிக் காட்டலாம் என்று மேசையைத் துழாவினாள். அவள் பேனா எழுத மறுத்தது. ஆய்வாளர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். அவள் எழுதத் தாள் தேடிக்கொண்டிருக்கும்போது, கடிகாரக்காரர் தன் பாட்டுக்கு, ரத்த அழுத்தக் கருவியோடு இருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். தலைக்கு மேல் தொங்கும் பெண்டுலக் கடிகாரத்தை அவர் வெகு நேரமாகச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, வட்டத் தகட்டை அதன் வயிற்றில் வைத்தார். கண்ணை மூடினார்.

"நொண்டுதும்மா!" என்று கத்தினார். "டிக் பலமா வருது, டாக் பலவீனமா இருக்கு. சாய்ச்சு மாட்டியிருக்கீங்க." பிறகு, தான் சொன்னது தனக்கே விளங்கியவராக, திரும்பி அவளைப் பார்த்தார். "கேக்குதும்மா."

அக்கா தாளைப் போட்டுவிட்டு எழுந்தாள். அந்தத் தகட்டைக் கையில் வாங்கி வாயருகே வைத்து, கணவர் சொல்லிக் கொடுத்த பாதி மூச்சில், "ஐயா, நான் பேசறது கேக்குதா?" என்றாள்.

அவர் அசையாமல் நின்றார். "சொல்லும்மா" என்றார்.

சொன்னாள். ஒன்று, பாதி, ரத்தப் பரிசோதனை, காயம் படாமல் பார்த்துக்கொள்வது, மூக்கில் ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. ஒரு முழம் தள்ளி நின்ற ஆய்வாளர் கழுத்தை நீட்டிப் பார்த்தார், அவருக்கு ஓர் எழுத்தும் விழவில்லை. கேள்வி முப்பத்தெட்டுக்காக அவர் மறுபடி ஜாடை காட்டியதும் கடிகாரக்காரர், காது கேளாதவர்களுக்கே உரிய குரலில், தெரு முழுக்க ஒப்பித்தார்: "ஒரு நாள் ஒண்ணு! மறுநாள் பாதி! மூக்குல ரத்தம் வந்தா ஆஸ்பத்திரி!"

"அதைத்தானே நானும் சொன்னேன்!" என்றது பேருந்து நிறுத்தம்.

அக்கா பயந்துபோய் ஆய்வாளரைப் பார்த்தாள். அவர் படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நோயாளியே தன் வியாதியைச் சொல்லிக்கிட்டா அது உங்க கணக்குல வராதும்மா" என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார். "ஆனா அந்தக் காது முனையை ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட் வச்சுத் துடைக்கணும். அது பதினாலாவது கேள்வி."

கடிகாரக்காரர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றவில்லை. டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் நன்றாக உட்கார்ந்தார்.

"அந்தக் கடுதாசி எழுதினது நான்தாம்மா. தப்பா எடுத்துக்காதே" என்றார், இந்தத் தடவை கொஞ்சம் தணிந்த குரலில். "எல்லாரும் என்னைப் பாத்தாலே கத்துறாங்க. நல்லது சொன்னாலும் திட்டுற மாதிரிதான் முகம் இருக்கு. என்கிட்ட ஒருத்தர் மெதுவாப் பேசிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு." தகட்டை அவள் பக்கம் நீட்டினார். "இன்னும் ஏதாவது சொல்லும்மா."

"என்ன ஐயா சொல்ல?"

"எதையாவது."

அக்கா தகட்டை வாங்கிக்கொண்டாள். அப்பாவிடம் ஒரு நாளும் தான் மெதுவாகப் பேசியதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை ஆசையாக ஓடிப்போய்ச் சொன்னாலும் கழுத்து நரம்பு புடைக்கத்தானே சொன்னாள். அப்பா அந்த முகத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பாரோ. குனிந்து, தகட்டை உதட்டருகே வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

என்ன பேசினாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கடிகாரக்காரர் இரண்டு தடவை சிரித்தார், ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். முடிதிருத்தும் கடைக்காரர் வாசலுக்கே வந்து நின்றும் பயனில்லை. பக்கத்திலேயே நின்ற ஆய்வாளர் தன் பேனாவைத் திரும்ப எடுத்து, முப்பத்தேழாவது கேள்விக்கு எதிரே 'கேட்கவில்லை' என்று எழுதினார். பிறகு பேனாவை மூடிக்கொண்டு, வாத்துத் திரையை ஓசைப்படாமல் இழுத்துவிட்டார்.